சாகுபுரத்துக் காரமும் குளியல் சோப்பும்

"உங்கள் ஷாம்பூவில் இருக்கும் ரசாயனத்தை வைத்துத்தான் தொழிற்சாலையில் இயந்திரம் கழுவுகிறார்கள்" என்று ஒரு செய்தி குடும்ப வாட்ஸப் குழுக்களை அவ்வப்போது சுற்றி வரும். கூடவே ஒரு மண்டையோட்டுப் படம். அதைப் பார்த்த சித்தி ஷாம்பூவைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சீயக்காய்க்கு மாறுவார். மாறட்டும், நல்லதுதான். ஆனால் அதே சித்தி, வளைகுடாவிலிருந்து வந்த பெட்டியில் கிடைத்த, யார் எங்கே செய்தது என்று ஒரு வரிகூட இல்லாத வெள்ளைக் கிரீமை ராத்திரி முகத்தில் பூசிக்கொண்டு படுப்பார். எனக்கு ஷாம்பூவைவிட அந்தக் கிரீம் மேல்தான் கவலை அதிகம். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், வாட்ஸப் செய்தி பொய் இல்லை. ஷாம்பூவில் நுரை வரவைக்கும் சோடியம் லாரில் சல்பேட் ஆலைத் தரைகளையும் கழுவுகிறது. கிரீமில் ஈரம் காக்கும் புரொப்பிலீன் கிளைக்கால், குளிர்நாடுகளில் குழாய் உறையாமல் இருக்கவும் பயன்படுகிறது. எல்லாம் உண்மை. ஆனால் அந்த உண்மையை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

நம் பக்கத்திலேயே பார்க்கலாம். தூத்துக்குடி மாவட்டத்தில் காயல்பட்டினம், ஆறுமுகநேரி வட்டாரத்தில் சாகுபுரம் இருக்கிறது. அங்கே உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா எடுக்கிறார்கள். காஸ்டிக் சோடா என்றால் சாதாரணச் சரக்கு இல்லை. தோலில் பட்டால் வெந்து போகும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். ஆனால் எண்ணெயில் காய்ச்சிய குளியல் சோப்புக் கட்டி எதுவும் காஸ்டிக் இல்லாமல் உருவாவதில்லை. "கையால் செய்த இயற்கைச் சோப்பு" என்று விற்கிறார்களே, அதுவும் அப்படித்தான். தேங்காய் எண்ணெயும் காஸ்டிக்கும் சேரும்போது இரண்டும் தம் பழைய குணத்தை விட்டுச் சோப்பும் கிளிசரினுமாக மாறிவிடுகின்றன. சரியாக அளந்து செய்த சோப்பில் காஸ்டிக் மிஞ்சாது. அளவு தப்பினால் மிஞ்சும், தோலை அரிக்கும். ஆகவே காஸ்டிக் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் பயனில்லை. செய்து முடித்த கட்டியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

ஒரு பொருளுக்குக் கேடு செய்யும் குணம் இருக்கலாம். அது நமக்குக் கேடு செய்துவிடுமா என்பது தனிக் கணக்கு. குற்றாலம் மெயினருவியை நினைத்துக்கொள்ளுங்கள். மலையில் மழை கொட்டி, பாதுகாப்பு வளைவுக்கு மேலே தண்ணீர் பாயும் நாளில் அந்த அருவிக்கு ஆளைக் கொல்லும் பலம் உண்டு. தென்காசி பஸ் ஸ்டாண்டில் நிற்பவரை அது ஒன்றும் செய்யாது. சாரல் மட்டும் தூவும் நாளில் அதே இடத்தில் கைக்குழந்தையையும் குளிப்பாட்டுகிறோம். எவ்வளவு தண்ணீர், நாம் எங்கே நிற்கிறோம், எவ்வளவு நேரம் நிற்கிறோம், நிற்பது பெரியவரா பிள்ளையா: இவ்வளவும் சேர்ந்ததுதான் ஆபத்து.

16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாரசெல்சஸ் என்ற மருத்துவர் இதில் 'எவ்வளவு' என்பதைப் பிடித்துக்கொண்டார். அளவுதான் ஒன்றை நஞ்சாக்குகிறது என்றார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் வீடுகளில் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் முகத்தில் பூசுகிற பொருள்களைப் பொறுத்தவரை அளவைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். மற்ற மூன்று கேள்விகளும் அதே அளவுக்கு முக்கியம்.

எங்கே படுகிறது?

உவரி, கூடங்குளம் பக்கத்துக் கடற்கரையில் கறுப்பாக மின்னும் மணலில் இல்மனைட் என்ற தாது இருக்கிறது. சாத்தான்குளம் பக்கத்துத் தேரிச் செம்மண்ணிலும் இருக்கிறது. அதற்காக அங்கே டைட்டானியம் ஆலை வரப்போகிறது என்று 2000களில் ஊர் ஊராகப் பேச்சு நடந்தது பலருக்கு நினைவிருக்கும். இல்மனைட்டிலிருந்து எடுக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு பளீரென்ற வெள்ளைத் தூள். வீட்டுக்கு அடிக்கும் பெயின்டில் அது இருக்கிறது, பிளாஸ்டிக்கில் இருக்கிறது, பற்பசையில் இருக்கிறது, வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீனிலும் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தத் தூளை "மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும்" என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. இந்த ஒரு வரியைப் படித்துச் சன்ஸ்கிரீனைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. அந்த முடிவுக்கு முக்கிய ஆதாரம், எலிகள் நுண்தூளை நெடுநாள் மூச்சில் இழுத்த சோதனைகள். நுரையீரலுக்குள் போகும் தூள் அங்கேயே தங்கி அழற்சி உண்டாக்குகிறது. தோல் மேல் கிரீமாகப் பூசும்போது கதை வேறு. நம் தோலின் மேல்பரப்பு, செத்த செல்கள் ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கிய ஒரு படலம். முழுசான தோலில் இந்தத் துகள்கள் அந்தப் படலத்தைத் தாண்டி உள்ளே போவதில்லை. அதனால்தான் ஐரோப்பாவில் சன்ஸ்கிரீன் கிரீமில் இதை அனுமதித்துவிட்டு, மூச்சில் போகக்கூடிய ஸ்பிரேக்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பொருள் ஒன்றுதான், போகும் வழி வேறு.

உடம்பு முழுவதும் தோல் ஒரே மாதிரியும் இல்லை. உள்ளங்காலில் தடிப்பு, கண் இமையில் மெலிசு. உதட்டில் பூசும் சாயத்தில் கொஞ்சம் வயிற்றுக்கே போய்விடும். வெடித்த தோல், சொறிந்த தோல், மழித்த தோல் எல்லாம் கதவைத் திறந்து வைத்த மாதிரி.

யார் மேல் என்பதற்கு ஒரு கொடுமையான உதாரணம் 1972இல் பிரான்சில் நடந்தது. மோர்ஹாஞ்ச் என்ற பெயரில் விற்ற குழந்தைப் பவுடரில், ஹெக்சாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாகக் கலந்துவிட்டது. சுமார் 6 சதவீதம். பெரியவர்களின் சோப்பில் குறைந்த அளவில் அப்போது சாதாரணமாகச் சேர்த்து வந்த பொருள்தான் அது. டயபர் கட்டிய, சிவந்த, ஈரமான குழந்தைத் தோல் வழியாக அது ரத்தத்துக்குப் போய் நரம்பு மண்டலத்தைத் தாக்கியது. 36 குழந்தைகள் இறந்தார்கள். குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு நம்மைவிட அதிகம். அதே பவுடர், அதே கை, ஆனால் குழந்தைக்குள் போகும் அளவு பன்மடங்கு. நான்கு ஆண்டுகள் கழித்து, 1976இல், அழகுப் பொருள்களுக்கென்று ஐரோப்பாவுக்குப் பொதுவான சட்டம் வந்தது.

பவுடர் பேச்சு வந்ததால் டால்க் பற்றியும் ஒரு வார்த்தை. டால்க் ஒரு மென்மையான கல். இந்தியாவில் பெரும்பாலும் ராஜஸ்தானில் வெட்டுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், சில இடங்களில் அதே பாறையிலேயே சேர்ந்து கிடக்கும். நல்ல சுரங்கம் பார்த்து வெட்டி, சோதித்து எடுத்தால் பிரச்சினை குறையும். ஆனால் சோதித்தார்களா என்று டப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வழக்குகளைச் சந்தித்த பிறகு, 2023இல் உலகம் முழுவதும் டால்க் கலந்த குழந்தைப் பவுடரை நிறுத்தி சோளமாவுக்கு மாறியது. குழந்தைக்குப் பவுடரே தேவையில்லை என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்வது. நம் ஆச்சிமார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். குளிப்பாட்டி, பவுடர் அப்பி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தால்தான் அவர்களுக்குக் குழந்தை. போட்டே ஆக வேண்டும் என்றால், முகத்துக்கு நேராகத் தட்டாமல் தள்ளி நின்று கையில் கொட்டித் தடவலாம். தூள் மூச்சில் போவது குறையும்.

கழுவிவிடுவதும் விட்டுவைப்பதும்

எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு வருவோம். ஷாம்பூ தலையில் இருப்பது சில நிமிடம். சோடியம் லாரில் சல்பேட் தோலின் எண்ணெயை வழித்து எடுத்துவிடும், எரிச்சல் தரும். இதில் சந்தேகமே இல்லை. தோல் மருத்துவ ஆய்வுகளில் வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்கிப் பார்க்க இதைத்தான் ஒட்டுவார்கள். வறண்ட தோல்காரர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் புற்றுநோய் தரும் என்ற வாட்ஸப் பேச்சுக்கு ஆதாரம் இல்லை. கழுவி ஊற்றிவிடும் பொருளுக்கும் ராத்திரி முழுவதும் முகத்தில் ஊறும் பொருளுக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது.

இதைச் சரியாக யோசிக்காமல் பயந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாராபென் கதை. தண்ணீர் கலந்த எந்தக் கிரீமிலும் கிருமி வளரும். பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில் சொல்லவே வேண்டாம். அதைத் தடுக்கச் சேர்க்கும் பாதுகாப்புப் பொருள்களில் பாராபென்கள் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளவை. 2004இல் பிரிட்டனில் மார்பகப் புற்றுக் கட்டிகளில் பாராபென் இருப்பதை ஓர் ஆய்வு காட்டியது. இருந்தது என்றுதான் காட்டியது, அதனால்தான் புற்று வந்தது என்று காட்டவில்லை. பக்கத்து நல்ல திசுவில் எவ்வளவு இருந்தது என்று ஒப்பிடவும் இல்லை. ஆனாலும் "பாராபென் இல்லாதது" என்ற சீட்டு உலகம் முழுவதும் விற்பனை வாசகமாகிவிட்டது.

சரி, பாராபென்னை எடுத்துவிட்டார்கள். கிருமி சும்மா இருக்குமா? அந்த இடத்துக்குப் பல நிறுவனங்கள் மெத்தில் ஐசோதயசோலினோன் என்ற பொருளைக் கொண்டுவந்தன. பெயின்டு கெடாமல் இருக்க ஆலைகளில் சேர்த்து வந்த சரக்கு. சில ஆண்டுகளிலேயே ஐரோப்பாவின் தோல் மருத்துவமனைகளில் ஒவ்வாமை நோயாளிகள் குவிந்தார்கள். அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013ஆம் ஆண்டின் "ஒவ்வாமைப் பொருள்" என்று அதைத்தான் அறிவித்தது. 2017 முதல், பூசிவிட்டுக் கழுவாமல் விடும் பொருள்களில் அதை ஐரோப்பா தடை செய்துவிட்டது. கழுவிவிடும் பொருள்களில் மிகக் குறைந்த அளவில் மட்டும் அனுமதி. பழைய பாராபென்களில் மெத்தில், எத்தில் வகைகள் இன்றைக்கும் அங்கே 0.4 சதவீதம் வரை அனுமதிக்கப்பட்டவை. வேறு சில வகைகளை 2014இல் தடை செய்தார்கள், சிலவற்றின் அளவைக் குறைத்தார்கள். ஒரேயடியாக நல்லது, ஒரேயடியாகக் கெட்டது என்று பிரிக்க முடியாத சமாச்சாரம் இது.

பொட்டும் மருதாணியும்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். ஆலை ரசாயனம் பற்றிய உண்மையான கவலை என்றால், என் பட்டியலில் ஷாம்பூவுக்கு முன்னால் ஸ்டிக்கர் பொட்டு நிற்கிறது.

நெற்றியில் பொட்டு ஒட்டும் இடத்தில் சரியாக அதே வட்டத்தில் வெள்ளையாகத் தோல் நிறம் மாறியவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அதை மறைக்கவே இன்னும் பெரிய பொட்டாக ஒட்டுவார்கள். பல பொட்டுகளின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள் கலந்திருக்கும். செருப்பு ஒட்டும் பசையில் சேரும் அதே சரக்கு. தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் செல்கள், டைரோசின் என்ற பொருளை எடுத்து வேலையைத் தொடங்குகின்றன. இந்த ஃபீனாலின் உருவம் டைரோசினை ஒத்தது. செல் ஏமாந்து இதை எடுத்துச் சமைக்கப் போக, உள்ளேயே நச்சு உண்டாகிச் செல் செத்துப் போகிறது. அந்த இடம் வெளுக்கிறது. எல்லோருக்கும் வராது, சிலருக்கு வரும்.

இந்தக் குடும்பத்து ரசாயனங்களின் குணம் முதலில் தெரியவந்தது ஆலையில்தான். 1939இல் அமெரிக்காவில் தோல் பதனிடும் ஆலைத் தொழிலாளர்களுக்குக் கை வெளுத்தது. காரணம் தேடியபோது அவர்கள் போட்டிருந்த ரப்பர் கையுறையில் சேர்த்த ஒரு பொருள் என்று கண்டார்கள். ரப்பர் செருப்பின் வார் படும் இடத்தில் சிலருக்குப் பாதம் வெளுப்பதும் இதே வகைதான்.

இங்கே நான்கு கேள்விகளையும் போட்டுப் பாருங்கள். அளவு சிறியது. ஆனால் படும் இடம் நெற்றி, வியர்வை ஊறும் இடம். நேரம் காலையிலிருந்து மறுநாள் காலை வரை, வருஷக்கணக்காக, ஒரே புள்ளியில். ஷாம்பூ இதன் பக்கத்தில் நிற்க முடியாது. லேசாக அரித்தாலோ, ஓரம் வெளுத்தாலோ உடனே ஒட்டுவதை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சீக்கிரம் நிறுத்தியவர்களில் பலருக்கு நிறம் திரும்பிவிடுகிறது. விட்டுவிட்டால் மற்ற இடங்களுக்கும் பரவலாம். குங்குமத்துக்கு மாறலாம். அதிலும் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்ததா, சாயப்பொடி கலந்ததா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இயற்கைப் பொருள் என்றால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் கனேபோ நிறுவனம் மரப்பட்டையில் இயற்கையாகவே உள்ள ரோடோடென்ட்ரால் என்ற பொருளைச் சேர்த்து முகப்பொலிவுக் கிரீம்கள் விற்றது. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு முகத்திலும் கையிலும் வெள்ளைத் திட்டுகள் விழுந்து, 2013இல் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றது. செல் ஏமாந்தது அதே வழியில்தான்.

அடுத்தது கறுப்பு மருதாணி. வீட்டுக் கொல்லையில் பறித்து அரைத்து வைக்கும் மருதாணி ஆரஞ்சாகத் தொடங்கிச் செம்பழுப்பில் நிற்கும். ராத்திரி முழுவதும் வைத்திருக்க வேண்டும். திருவிழாக் கடையில் அரைமணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் கோன் என்றால், அது மருதாணி இலை செய்யும் வேலை இல்லை. பெரும்பாலும் பிபிடி எனப்படும் பாரா ஃபினிலின் டையமின் என்ற முடிச்சாயப் பொருள் கலந்திருக்கும்.

பிபிடி மிகச் சிறிய மூலக்கூறு. அது முடிக்குள் நுழைந்து, டையோடு கலக்கும் பெராக்சைடோடு வினைபுரிந்து பெரிய நிற மூலக்கூறாக மாறி உள்ளே சிக்கிக்கொள்ளும். அதனால்தான் டை தலைக்குக் குளித்தாலும் போவதில்லை. சிறிதாக இருப்பதால் தோலுக்குள்ளும் நுழையும். முதல் தடவை ஒன்றும் ஆகாது. உடம்பின் எதிர்ப்பு மண்டலம் அதை அடையாளம் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவையோ, பத்து வருஷம் கழித்தோ படும்போது கொப்பளமாக, வீக்கமாகத் திருப்பித் தாக்கும். ஆனித் திருவிழாவில் ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் கறுப்புக் கோலம் போட்டுவிட்டு, அவள் பெரியவளாகி முதல் முறை டை அடிக்கும்போது முகம் வீங்கினால், காரணம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஐரோப்பாவில் தலைமுடிச் சாயத்தில் பிபிடிக்கு உச்ச அளவு 2 சதவீதம். நேரடியாகத் தோலில் கோலம் போட அனுமதியே இல்லை. கோனில் எவ்வளவு கலந்தார்கள் என்று யார் கண்டது?

இந்தியாவில் விற்கும் முடிச்சாயப் பெட்டிகளில், இதைப் புருவத்துக்கும் இமைக்கும் பூசாதீர்கள், பார்வை போகலாம் என்று எச்சரிக்கை போட வேண்டும். யாரும் அதைப் படிப்பதில்லை. சும்மா போட்ட வரி இல்லை அது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைச்சாயம் விற்றது. இதே வகைச் சாயப்பொருள் சேர்ந்தது. பூசிக்கொண்ட சிலருக்குக் கண் புண்ணாகிப் பார்வை போனது, ஓர் உயிரும் போனது. அதைத் தடை செய்ய அப்போது அங்கே சட்டமே இல்லை. 1938இல்தான் அழகுப் பொருள்களையும் சேர்த்துச் சட்டம் வந்தது.

டை அடிக்க வேண்டுமென்றால், 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ கொஞ்சம் தடவிப் பாருங்கள். ஒரு முறை ஒத்துக்கொண்டது என்பதற்காக அடுத்த முறை விட்டுவிடக் கூடாது. குற்றாலம் கடைவீதியில் "மூலிகை ஹேர் டை" என்று விவரச் சீட்டில்லாமல் கிடைக்கும் கறுப்புப் பொடிக்கும் இதே விதி. மருதாணி போட்டு, பிறகு அவுரிப் பொடி போட்டு இரண்டு கட்டமாக முடியைக் கறுப்பாக்குவது நிஜமாகவே மூலிகை வழி. அதற்கு மணிக்கணக்கில் உட்கார வேண்டும். ஒரே கலவையில் சட்டென்று கறுத்தால் சந்தேகப்படுங்கள்.

வெள்ளைக் கிரீம்

சித்தியின் கிரீமுக்கு வருவோம். இப்படி விவரச் சீட்டில்லாமல் வரும் வெளுப்புக் கிரீம்கள் பலவற்றில் பாதரசம் கலந்திருக்கும். அது மெலனின் உற்பத்தியைத் தடுக்கும். அதனால் சில வாரங்களிலேயே முகம் வெளுக்கும், தேமல் கரும்புள்ளி மறையும். நிஜமாகவே வேலை செய்வதால்தான் ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டே விற்கிறது. ஆனால் பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் சேரும். முகம் பளிச்சென்று ஆகும்போதே கால் வீங்கத் தொடங்கும், சிறுநீரில் நுரை தள்ளும், புரதம் கசியும்.

இது எங்கோ நடக்கும் கதை இல்லை. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள், அரிதான ஒரு வகைச் சிறுநீரக நோய் திடீரென அதிகமாக வருவதைக் கவனித்தார்கள். 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் அவர்கள் பார்த்த அந்த வகை நோயாளிகள் 22 பேரில் 15 பேருக்கு நெல்-1 என்ற புரதம் சம்பந்தப்பட்ட வடிவம் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். அதே காலத்தில் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை "ஆபரேஷன் சௌந்தர்யா" என்று பெயர் வைத்துக் கடைகளில் இறங்கிச் சோதனை நடத்தியது.

இந்தியச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. கண்ணுக்குப் போடும் பொருள்களுக்குத் தனி அளவு உண்டு. மற்றவற்றில் பாதரசம் சேர்க்கவே கூடாது; தன்னறியாமல் கலந்தால்கூடப் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. சீட்டில்லாத கிரீம்களில் இதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு கண்டுபிடித்திருக்கிறார்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களையே ஒழிப்பதென்று 2023இல் முடிவெடுத்தன. ஆனால் பெட்டிக்குள் சட்டைக்கு நடுவே மடித்து வரும் டப்பாவைச் சுங்கத்தில் யார் பார்ப்பார்கள்? கொண்டுவருபவர் கெட்ட எண்ணத்தில் கொண்டுவருவதில்லை. தங்கச்சி கேட்டாள் என்று வாங்கி வருகிறார். பாதரசம் பூசுபவரோடு நிற்பதும் இல்லை. அதே துண்டு, அதே தலையணை வழியாகக் குழந்தைக்கும் போகும்.

கண்டுபிடிக்க ஒரு தடயம் சொல்கிறேன். "தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று ஒரு கிரீம் சொன்னால் அதைக் கீழே வையுங்கள். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக் கலக்கும் என்பது நம் ஆசாரிமாருக்குத் தெரிந்த விஷயம். கலோமெல், மெர்குரி, மெர்குரஸ் என்ற சொற்கள் இருந்தாலும் அப்படியே. ஒன்றுமே எழுதாமல் இருந்தால் அது இன்னும் மோசம்.

பாதரசம் இல்லாத வெளுப்புக் கிரீம்களில் இன்னொரு கூட்டம் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த டியூப்கள். அவை அழகுப் பொருளே இல்லை, மருந்து. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, முடி முளைத்து, நிறுத்தினால் எரிந்து கொட்டும். 2018இல் மத்திய அரசு இப்படிப்பட்ட பூச்சு ஸ்டீராய்டுகளில் பலவற்றை மருத்துவர் சீட்டு வேண்டும் என்ற பட்டியலுக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் பெயர் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கத்தான் செய்கின்றன.

பூசிவிடும் கை

இந்தப் பேச்சில் எப்போதும் விட்டுப்போவது பியூட்டி பார்லரில் வேலை செய்யும் பெண்கள். கல்யாணத்துக்கு முன்னால் முடியை நேராக்கப் போகும் பெண் சில மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவாள். முடிக்கு "கெரட்டின்" போடும் சில கரைசல்களில் ஃபார்மால்டிஹைடு, அல்லது சூடுபட்டால் அதை வெளியிடும் பொருள்கள் இருக்கும். சூடான இரும்பால் இழுக்கும்போது அது வாயுவாகக் கிளம்பும். கண் எரியும், தொண்டை கரகரக்கும். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான பட்டியலில் உள்ள பொருள். ஆதாரம் பெரும்பாலும் அதை மூச்சில் இழுத்த தொழிலாளர்களிடமிருந்து வந்தது. மணப்பெண்ணுக்கு ஒரு தடவை. ஏசி போட்டு ஜன்னல் சாத்திய திருநெல்வேலி வண்ணார்பேட்டைக் கடை அறையில் வேலை செய்யும் பெண்ணுக்கு முகூர்த்த நாளெல்லாம். ஜன்னலைத் திறந்து வைத்து, காற்றை வெளியே தள்ளும் விசிறி போட்டாலே பாதி வேலை முடிந்தது. முதலாளி ஏசி வீணாகிறது என்பார், சொல்லட்டும்.

டப்பாவில் என்ன பார்ப்பது

நம் நாட்டில் 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டமும் அதன் கீழ் 2020இல் வந்த அழகுப் பொருள்கள் விதிகளும் நடப்பில் உள்ளன. எந்தப் பொருளைச் சேர்க்கக் கூடாது, எதை எவ்வளவு சேர்க்கலாம் என்ற பட்டியல்களை இந்திய தர நிர்ணய அமைவனம் வைத்திருக்கிறது. செய்தவர் பெயரும் முகவரியும், தொகுதி எண், உரிம எண், எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, உள்ளடக்கம் எல்லாம் டப்பாவில் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதிப் பதிவு எண் வேண்டும். உள்ளடக்கத்தை அதிகத்திலிருந்து குறைவுக்கு வரிசைப்படுத்தி எழுதுவார்கள். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவை கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். ஆகவே பட்டியலின் வாலில் வாய்க்கு நுழையாத பெயர் இருந்தால், பெரும்பாலும் அது மிகக் கொஞ்சம்.

ஒரு ஓட்டை உண்டு. வாசனைப் பொருள் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல பத்து ரசாயனங்கள் ஒளிந்துகொள்ளலாம். மணத்தால் தும்மல், தலைவலி, தடிப்பு வருபவர்கள் மணமில்லாததைத் தேடுவது நல்லது. இன்னொன்று, அசுத்தமாகக் கலந்தவை பட்டியலில் வரவே வராது. நுரைப் பொருளைத் தோலுக்கு மென்மையாக்கும் பக்குவத்தில் 1,4-டையாக்சேன் என்ற வேண்டாத பொருள் துளியளவு உண்டாகும். அக்கறையுள்ள ஆலை அதை வெற்றிடத்தில் இழுத்து எடுத்துவிடும். எடுத்ததா என்று நாம் பார்க்க முடியாது. அதற்குத்தான் முகவரியும் உரிம எண்ணும். தப்பு நடந்தால் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே.

எதையாவது பூசி அரிப்போ, வீக்கமோ, வெளுப்போ வந்தால், முதலில் நிறுத்துங்கள், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்கோ, வேறு தோல் மருத்துவரிடமோ போகும்போது டப்பாவையும் எடுத்துப் போங்கள், காலியாக இருந்தாலும் சரி. வெள்ளைக் கிரீம் பூசி முகம் கால் வீங்கினால், ஒரு சிறுநீர்ச் சோதனையும் கேட்டு வாங்குங்கள். கிரீம் பூசியதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள், அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். விற்ற கடையைப் பற்றி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். அதற்கும் அந்த டப்பாதான் வேண்டும்.